ஒரே செக்கை இரண்டு முறை படம் பிடித்த வீடு

“என் கணக்குலேர்ந்து அறுபது போயிருக்கு. யாருக்குப் போச்சுன்னு போட்டிருக்கு பாரு, உன் பேரு. கூடப் பொறந்தவன் பண்ற வேலையாடா இது?”

“என் கணக்குலேர்ந்து எழுபத்தஞ்சு போயிருக்கு. அதுல உன் பேருதான் இருக்கு. முதல்ல என்னைப் பல்லு விளக்க விடுக்கா. வாயெல்லாம் நுரை.”

வியாழக்கிழமை காலை ஏழே முக்காலுக்குக் கீழ்வீட்டில் நடந்த பேச்சு இது. நான் ஒட்டுக்கேட்கவில்லை. குப்பை கொட்டப் போய்க்கொண்டிருந்தேன். அன்றைக்கு அது மூன்றாவது தடவை, பை காலியாக இருந்தது என்பதெல்லாம் வேறு விஷயம். கதவு அரைவாசி திறந்திருந்தால் காதைக் கழற்றி வீட்டிலேயே வைத்துவிட்டா வர முடியும்?

கீழ்வீட்டில் இரண்டே பேர். அக்கா முடி திருத்துகிறவள். தெருவில் எல்லோருக்கும் அவள் ‘கத்தரி’. பேச்சும் அந்த ரகம்தான். தம்பி வாஷிங் மெஷின் பழுது பார்க்கிறவன். ஊரில் இருக்கிற மெஷினெல்லாம் அவன் கைபட்டால் ஓடும். அவன் வீட்டு மெஷின் மட்டும் இரண்டு வருஷமாகச் செங்கல் மேல் நிற்கிறது.

கத்தரி ஒன்பது வருஷம் ஒருத்தியின் கடையில் ஒரு நாற்காலியை வாடகைக்கு எடுத்து முடி வெட்டினாள். அந்தக் கடையை மூடினார்கள். நாற்காலிக்குக் கொடுத்திருந்த முன்பணத்தைக் கடைக்காரி செக்காகத் திருப்பிக் கொடுத்தாள். அதை வைத்து மூலையில் காலியாகக் கிடக்கும் கடையைத் தானே எடுப்பது என்று கத்தரி முடிவுகட்டியிருந்தாள். வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் முன்பணம் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் கடை அடுத்த ஆளுக்கு. அந்த அடுத்த ஆள் நாய்களுக்கு முடி வெட்டுகிறவர். “ஒன்பது வருஷம் மனுஷத் தலையைப் பார்த்துட்டு, கடைசியில ஒரு நாய்வாலுக்காகக் கடையை விட்டுக்கொடுக்கணுமா” என்று அவள் என்னிடமே நான்கு முறை கேட்டிருக்கிறாள்.

இவர்கள் கணக்கு வைத்திருக்கும் பேங்குக்குக் கட்டடம் கிடையாது. எல்லாம் போனுக்குள்ளேதான். ஆளைச் சேர்த்துவிட்டால் இருபத்தைந்து தருகிறார்கள் என்று தெருவில் பாதிப்பேர் ஒருவரை ஒருவர் சேர்த்துவிட்டோம். செக் வந்தால் முன்னும் பின்னும் படம் பிடித்து அனுப்ப வேண்டியதுதான். திங்கட்கிழமை இஸ்திரி மேசை மேல் செக்கை விரித்து கத்தரி படம் பிடித்தாள். சாயம் ஏறிய அவள் கட்டை விரலும் ஓரத்தில் விழுந்தது. பேங்க் வாங்கிக்கொண்டது. திரையில் பெரிய எழுத்தில் முழுத் தொகை வந்தது. அதற்குக் கீழே கடுகளவு எழுத்தில் ‘இப்போது எடுக்கக்கூடியது இருநூறு, மீதி ஐந்து வேலை நாள் ஹோல்டு’ என்று இருந்ததைக் கத்தரி பார்க்கவில்லை. பெரியது இருக்கும்போது சின்னதை யார் பார்க்கிறார்கள்?

செவ்வாயன்று பெயர்ப்பலகைக்காரனுக்குப் பணம் அனுப்பினாள். புதன்கிழமை சுழல் நாற்காலி வாங்கினாள். தம்பியும் தன் பங்குக்கு மோட்டார், பெல்ட் என்று உதிரி பாகம் வாங்கினான்.

இங்கேதான் இன்னொரு சங்கதி. அந்தப் பேங்கில் ஓவர்டிராஃப்ட் பாதுகாப்பு என்று ஒன்று உண்டு. உன் கணக்கில் பணம் பற்றாவிட்டால், நீ சொல்லிவைத்த இன்னொரு கணக்கிலிருந்து அதுவே எடுத்து நிரப்பிக்கொள்ளும். ஒவ்வொரு தடவைக்கும் ஐந்து கட்டணம். போன வருஷம் அக்காவுக்குத் தெரியாமல் தம்பி அவள் கணக்கைத் தனக்குத் துணையாகப் போட்டிருக்கிறான். தம்பிக்குத் தெரியாமல் அக்கா அவன் கணக்கைப் போட்டிருக்கிறாள். சம்மதமா என்று பேங்க் இருவரையும் கேட்டிருக்கிறது. இருவரும் படிக்காமலே ‘சரி’யை அழுத்தியிருக்கிறார்கள்.

விளைவு என்னவென்றால், அவள் நாற்காலி வாங்க இவன் கணக்கு கொடுத்தது. அதனால் இவன் பெல்ட்டுக்குப் பற்றாமல் அவள் கணக்கு கொடுத்தது. இப்படிப் பதினொரு முறை அங்கேயும் இங்கேயும் போய்வந்து, ஒவ்வொரு முறையும் பேங்க் ஐந்து ஐந்தாகக் கறந்து, வியாழக்கிழமை காலையில் அவள் கணக்கு நாற்பத்தாறு குறைவு, இவன் கணக்கு நாற்பத்தொன்று குறைவு. இருவருமே திருடவில்லை. இருவர் பணமும் காணவில்லை.

பேங்குக்குப் போன் போட்டார்கள். இருபது நிமிஷம் பாட்டுக் கேட்டார்கள். தம்பி நுரையோடு நின்றபடியே கேட்டான். கடைசியில் ஒரு பெண் வந்தாள். ஒலிபெருக்கியில் போட்டிருந்தார்கள், எனக்கும் வசதியாக இருந்தது.

அவள் சொன்னது இதுதான். ஒரே செக் இரண்டு கணக்கில் வந்திருக்கிறது. அதனால் இரண்டையும் நிறுத்தி வைத்திருக்கிறோம். ஒன்றை நீங்களே திரும்ப எடுத்துக்கொண்டால்தான் மற்றதற்கு ஐந்து நாள் எண்ண ஆரம்பிப்போம். சனி ஞாயிறு கணக்கில் இல்லை.

கத்தரி தம்பி பக்கம் திரும்பினாள். ரொம்ப மெதுவாகக் கேட்டாள். அவள் கத்தினால் பயமில்லை, மெதுவாகப் பேசினால்தான் பயம்.

“ரெண்டாவது படம் யாரு எடுத்தாடா?”

“உன் படத்துல கட்டை விரல் இருந்துச்சுக்கா. நம்பர் மறைஞ்சிருக்கும்னு என் போன்ல இன்னொண்ணு எடுத்து அனுப்பி வெச்சேன். ஒண்ணு போனா ஒண்ணு இருக்கட்டும்னுதான். அவங்கதான் சொன்னாங்க.”

அவங்க என்று அவன் கை நீட்டியது கதவுப் பக்கம். திங்கட்கிழமை நானும் அங்கே இருந்தேன் என்பதை முன்பே சொல்லியிருக்கலாம்தான். வெளிச்சம் போதாது, இன்னொன்று எடுத்துவைத்துக்கொள் தம்பி என்று ஒரு வாய்வார்த்தைக்குச் சொன்னேன். பேங்குக்கு அனுப்பச் சொன்னேனா? குப்பைப் பையை இறுகப் பிடித்துக்கொண்டு தெருவுக்குப் போய்விட்டேன்.

சரி, தம்பியுடையதைத் திரும்ப எடுத்துவிடலாம் என்றால் அதற்கும் முட்டுக்கட்டை. கணக்கு குறைவில் இருக்கும்போது செக்கைத் திரும்ப எடுக்க விடமாட்டார்களாம். தம்பி சட்டைப்பை, சோபா இடுக்கு எல்லாம் தேடி நாற்பத்தைந்து சேர்த்து, தெருமுனைக் கடையில் கொடுத்துத் தன் கணக்கில் ஏற்றினான். ஏறின கையோடு அது அக்காவின் குறைவை அடைக்க அந்தப் பக்கம் போய்விட்டது, ஐந்து கட்டணத்தோடு. இரண்டு கணக்கும் ஒரே நேரத்தில் பூஜ்யத்துக்கு மேலே வந்தால்தான் நிற்கும் என்று பேங்க் பெண் சொல்லிவிட்டாள்.

வெள்ளிக்கிழமை மாலை நாலரைக்குக் கத்தரி தம்பியோடு கடையின் சொந்தக்காரியைப் பார்க்கப் போனாள். எனக்கும் அந்தப் பக்கம் ஒரு வேலை இருந்தது. சொந்தக்காரி பல் டாக்டராக இருந்து ஓய்வுபெற்றவர். யார் பேசினாலும் முகத்தைப் பார்க்காமல் வாயைப் பார்ப்பார். நாய்க்கு முடி வெட்டுகிறவர் ஏற்கெனவே படியில் உட்கார்ந்திருந்தார், சட்டை முழுக்க ரோமத்தோடு.

கத்தரி போனை நீட்டிப் பெரிய எண்ணைக் காட்டினாள். பல் டாக்டரம்மா கண்ணாடியை ஏற்றிக்கொண்டு கீழே இருந்த சின்ன எண்ணைப் படித்தார். பிறகு நாய்க்காரரைப் பார்த்தார். அவரும் போனை நீட்டினார். அவர் கணக்கும் அதே பேங்க். அவரிடமும் ஒரு செக், அதுவும் ஹோல்டில். ஏழு நாய் வைத்திருக்கும் ஒரு பெண்மணி ஒரு வருஷத்து முடிவெட்டுக்கு மொத்தமாகக் கொடுத்தது. புதன்கிழமை கைக்கு வந்துவிடும் என்றார்.

“ரெண்டு பேரும் எனக்குப் படம் காட்டுறீங்க” என்றார் பல் டாக்டரம்மா. “எனக்குப் படம் வேண்டாம். யார் பணம் முதல்ல வருதோ அவங்களுக்குக் கடை.”

கத்தரி படியில் உட்கார்ந்தாள். அவள் உட்கார்ந்து பார்த்ததே இல்லை நான். எப்போதும் நின்று வேலை செய்கிறவள். தம்பி பக்கத்தில் நின்று செருப்பால் தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தான். கடைக் கண்ணாடிக்கு உள்ளே வெறும் சுவர். அதில் கண்ணாடி மாட்ட வேண்டிய இடத்தை அவள் போன வாரமே சாக்பீஸால் குறித்துவைத்திருந்தாள்.

“எவ்வளவு குறையுது உங்களுக்கு?” என்று கேட்டார் நாய்க்காரர்.

விவரம் சொன்னார்கள். என்னிடம் ஐம்பது இருந்தது. மனசாட்சி என்று ஒன்று எனக்கும் உண்டு, அது அன்றைக்குப் பார்த்து உறுத்தியது. இன்னொரு ஐம்பதை நாய்க்காரர் தானே தருவதாகச் சொன்னார். கத்தரி அவரைச் சந்தேகமாகப் பார்த்தாள்.

“எனக்கு எதுக்குங்க நீங்க குடுக்கணும்? கடை எனக்குப் போயிடும்ல.”

“போகாது. எனக்குப் புதன்கிழமை வந்துடும். உங்களுக்கு இன்னைக்கு எண்ண ஆரம்பிச்சாலும் அடுத்த வெள்ளி. அதனாலதான் தைரியமா குடுக்கறேன்.”

இப்படி வெளிப்படையாகப் பேசுகிற ஆளை நான் அதுவரை பார்த்ததில்லை. நடு ரோட்டில் நான்கு பேரும் போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றோம். நான் தம்பிக்கு, நாய்க்காரர் கத்தரிக்கு. ஒன்று, இரண்டு, மூன்று என்று பல் டாக்டரம்மாவே எண்ணினார். அழுத்தினோம். நின்றுவிட்டது. அதே நொடியில் தம்பி தன் செக்கைத் திரும்ப எடுத்தான். ஒரே ஆளுக்கு நூறு அனுப்பியிருந்தாலும் முடிந்திருக்கும் என்று பிற்பாடு ஒருவர் கணக்குப் போட்டுச் சொன்னார். அந்த நூறு யாரிடம் இருந்தது?

புதன்கிழமை வந்தது. ஏழு நாய்ப் பெண்மணியின் செக் பணமில்லை என்று திரும்பி வந்தது. நாய்க்காரர் முகத்தை ரோமம் மாதிரி தொங்கப் போட்டுக்கொண்டு திரிந்தார். வெள்ளிக்கிழமை காலை ஒன்பது பத்துக்கு, கத்தரியின் திரையில் சின்ன எண்ணும் பெரிய எண்ணும் ஒன்றாயின. ஒன்பது இருபதுக்குச் சாவி அவள் கையில். முதல் வேலையாகக் கண்ணாடியை மாட்டினாள். இரண்டாவது வேலையாகப் பின்னறையை நாய்க்காரருக்கு வாடகைக்கு விட்டாள், அந்த ஐம்பதை முதல் மாதத்தில் கழித்துக்கொண்டு. முன்னால் மனிதர், பின்னால் நாய். சில சமயம் உலர்த்தும் கருவி மாறிப்போகும், யாரும் பெரிதாகப் புகார் சொன்னதில்லை.

கத்தரிக்கும் நாய்க்காரருக்கும் கல்யாணம் என்று நான் தெரு முழுக்கச் சொல்லிவைத்திருந்தேன். என் பேச்சைக் கேட்டு எதிர்வீட்டுக்காரி பரிசுப்பொருள்கூட வாங்கிவிட்டாள். நாய்க்காரர் என்ன செய்தார் தெரியுமா? அந்த ஏழு நாய்ப் பெண்மணியிடம் செக்குக்காகச் சண்டை போடப் போனார். வாராவாரம் போனார். பத்தாம் மாதம் அவளையே கட்டிக்கொண்டு, ஏழு நாயோடு கடலோரம் எங்கோ குடிபோய்விட்டார். அந்தச் செக்குக்கு இன்னும் பணம் வரவில்லை.

தம்பி வேலை கிடைத்து ரயிலில் ஒன்றரை நாள் தூரத்து ஊருக்குப் போய்விட்டான். போகிற அவசரத்தில் அந்த ஓவர்டிராஃப்ட் பாதுகாப்பை யாரும் எடுத்துவிடவில்லை. அவன் கையில் பற்றாதபோதெல்லாம் இன்னும் அக்கா கணக்கிலிருந்துதான் போகிறது. போன வருஷம் ஒரு மாதத்தில் மோதிரக் கடை, பூக்கடை, கோட்டு தைக்கிற கடை என்று வரிசையாக வந்தது. வாடிக்கையாளர் தலையில் சாயத்தோடு காத்திருக்க, கத்தரி அவனுக்குப் போன் போட்டாள்.

“கல்யாணம் எப்படா?”

“யாருக்கா சொன்னா?”

“பேங்க் சொல்லிச்சு.”

போய் இருந்து நடத்திவைத்துவிட்டு வந்தாள். பெண் யார் என்றால், ஒரே வாஷிங் மெஷினை அவனிடம் நான்கு முறை பழுது பார்க்கக் கொடுத்தவளாம். இப்போதாவது அந்த இணைப்பை எடுத்துவிடு, ஐந்து ஐந்தாகப் போகிறதே என்று சொன்னேன். என் ஐம்பதையும் அப்படியே ஞாபகப்படுத்தலாம் என்றுதான் ஆரம்பித்தேன்.

“இருக்கட்டும் மாடிக்கா” என்றாள், கத்தரியைத் துடைத்துக்கொண்டே. “அவன் சாப்பிட்டானா இல்லையான்னு எனக்கு வேற எப்படித் தெரியும்?”