அறைக்குள் சொன்னது

அவளை எல்லோரும் பம்பரம் என்றுதான் கூப்பிடுவார்கள். சின்ன வயதில் நின்ற இடத்தில் நிற்காமல் சுற்றியதற்கு அண்ணன் வைத்த பெயர். முப்பத்திரண்டு வயதிலும் ஒட்டிக்கொண்டிருந்தது. பகலில் ஒரு சலவைக் கடையில் துணிகளுக்கு எண் சீட்டு குத்துவாள், மாலையில் ஆடுவாள். பத்து வருடம் அடுத்தவர் நிகழ்ச்சிகளில் பின்வரிசையில் ஆடியவள், முதன்முதலாகத் தனக்கென்று ஒரு தனி நடனம் அமைக்கத் தொடங்கியிருந்தாள். அப்போதுதான் வளரும் நடனக் கலைஞர்களுக்குக் கைகொடுக்கும் அந்தத் திட்டத்தில் இடம் கிடைத்தது.

ஆறு பேர், எட்டு மாதம், ஆளுக்கொரு வழிகாட்டி. முடிவில் ஒருவருக்கு மட்டும் மூன்று வாரம் அரங்கத்தைத் திறந்துவிடுவார்கள். விளக்கு, ஒலி, ஆள் அம்பு எல்லாம் அவர்கள் பொறுப்பு.

பம்பரத்துக்கு வாய்த்த வழிகாட்டி அவளைவிட ஆறு வயதுதான் மூத்தவர். சொந்தக் குழு வைத்து ஊர் ஊராக ஆடிக்கொண்டிருந்தார். முதல் நாளே கதவைச் சாத்திவிட்டு, "இங்க பேசறது இந்த நாலு சுவத்தத் தாண்டாது. என்னை அக்கான்னே கூப்பிடு" என்றார்.

மூன்றாவது மாதம், ஒரு தாவலில் இருந்து இறங்கும்போது பம்பரத்தின் முகம் சுளித்துவிட்டது. வழிகாட்டியின் கண்ணில் அது தப்பவில்லை.

"முழங்காலா?"

வீட்டில் அண்ணியிடம்கூடச் சொல்லாததை அன்று சொன்னாள். "ரெண்டு வருஷமா இருக்குக்கா. வீங்கும், வடியும். பாத்து ஆடினா ஒண்ணும் ஆகாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. ஆனா வெளிய தெரிஞ்சா யாரும் கூப்பிட மாட்டாங்க."

வழிகாட்டி தன் இடுப்பைத் தட்டிக் காட்டினார். "எனக்கு இது. ஒம்பது வருஷம். என் குழுவுல ஒரு ஈ காக்காய்க்குத் தெரியாது."

இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். உடைக்குள் தெரியாதபடி கட்டுப் போடுவது எப்படி என்று அவரே தரையில் உட்கார்ந்து கற்றுக்கொடுத்தார். அன்று வீட்டுக்குள் நுழையும்போதே பம்பரம், "அண்ணி, கூடப் பொறக்காத அக்கா ஒருத்தி கிடைச்சிட்டா" என்றாள்.

"அப்படியே உங்க அண்ணனையும் அங்க தம்பியா சேத்து விட்டுரு. நானாவது நிம்மதியா இருப்பேன்" என்றாள் அண்ணி.

எட்டாவது மாதம் தேர்வுக் குழுவின் முன்னால் ஆடினாள். அப்படி அவள் அதற்கு முன் ஆடியதே இல்லை. குழுவில் ஒருவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஒரு வாரம் கழித்துக் கடிதம் வந்தது. கடையில் நின்றபடியே பிரித்தாள். 'தங்கள் நடனம் மிகச் சிறப்பு. எனினும், தங்கள் முழங்காலின் நிலையைக் கருதி...'

அதற்கு மேல் எழுத்து கண்ணில் ஏறவில்லை. கோட்டு கேட்டு வந்தவருக்கு வேறு யாருடைய கோட்டையோ எடுத்துக் கொடுத்தாள். மருத்துவரைத் தவிர உலகத்தில் ஒரே ஒருவருக்குத்தான் அந்த முழங்காலைத் தெரியும்.

மாலையில் பயிற்சி அறைக்குப் போனாள். வழிகாட்டி கண்ணாடி முன் முடியைக் கட்டிக்கொண்டிருந்தார்.

"அக்கா, அவங்களுக்கு எப்படித் தெரிஞ்சது?"

"மூணு வாரம் தாங்குவாளான்னு கேட்டாங்க. பொய் சொல்லச் சொல்றியா? எல்லாம் உன் நல்லதுக்குத்தான்."

"என்னைக் கேட்டிருக்கலாமே. டாக்டர் சீட்டோட நானே போய்ச் சொல்லியிருப்பேன்."

"சின்னப் புள்ள மாதிரி பேசாத." பிறகு குரல் தணிந்தது. "இங்க பாரு, அடுத்த மாசம் என் குழு கிளம்புது. ரெண்டு மாசம், இருபது ஊர். பின்வரிசையில உனக்கு ஒரு இடம் வச்சிருக்கேன்."

பம்பரத்துக்கு அது மண்டையில் ஏற ஒரு நிமிடம் ஆயிற்று.

"மூணு வாரம் தாங்காத முழங்கால் ரெண்டு மாசம் தாங்குமா?"

கண்ணாடிக்குள் இருந்த முகம் வெளிறியது. "நான்தான் கூட இருக்கேன்ல, பாத்துக்க மாட்டேனா?" என்றார் வழிகாட்டி. அந்தக் குரலில் வலுவில்லை.

"வரலீங்க" என்று பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். அதற்குப் பிறகு அவள் வாயில் அக்கா என்ற சொல் அந்த மனுஷிக்காக வரவில்லை. பேருந்தில் அழக்கூடத் தோன்றவில்லை. கட்டுப் போட்டுவிட்ட அந்த விரல்களே நினைவுக்கு வந்துகொண்டிருந்தன. அன்றே கணக்குப் போட்டுத்தான் கட்டினாரா, இல்லை பிறகு மனம் மாறியதா? இதுதான் அவளை அரித்தது.

திட்டம் முடியும்போது ஒருங்கிணைப்பாளர் ஒவ்வொருவரையும் தனியாக உட்கார வைத்துப் பேசினார். "உங்க வழிகாட்டியப் பத்தி ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்டார்.

இடுப்பு என்ற ஒற்றைச் சொல் நாக்கு நுனியில் வந்து நின்றது. அது போதும், இருபது ஊரும் ஆட்டம் கண்டுவிடும். பம்பரம் அதை விழுங்கினாள். பெருந்தன்மையெல்லாம் இல்லை, அதைச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனால் சோறு இறங்காது என்று பட்டது, அவ்வளவுதான்.

"தேர்வுக் குழு வழிகாட்டிகள்கிட்ட எதையும் கேக்கக் கூடாதுங்க. அதை எழுதி வைங்க" என்றாள். அவர் எழுதிக்கொண்டார்.

அந்த நடனத்தை அவள் விடவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, பள்ளிக்கூடக் கூடத்தை இரவல் வாங்கி, நாற்பது நாற்காலி போட்டு ஆடினாள். அண்ணன் விளக்குப் பிடித்தான். கைதட்டல் நிஜமாகவே நெஞ்சிலிருந்து வந்தது. நாலு நாள் முழங்கால் வீங்கிக் கிடந்தது. அரங்கம் அரங்கம்தான், இது கூடம்தான் என்பதும் அவளுக்குத் தெரிந்திருந்தது.

அடுத்த வருடம் கடைக்கு ஒரு போன் வந்தது. திட்டத்தில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண்; அதே வழிகாட்டி அவளுக்கு.

"அவங்க எப்படிங்க? மனசு விட்டுப் பேசலாமா?"

"ஆட்டத்துல புலி. எவ்வளவு முடியுமோ கத்துக்கோ." பம்பரம் நிறுத்தினாள். "ஆனா உடம்புல வலி கிலி இருந்தா அவங்ககிட்ட சொல்லாதம்மா."

"அப்ப யார்கிட்டதான் சொல்றது?"

என்கிட்ட சொல்லு என்று வாய்வரை வந்தது. நாலு சுவரைத் தாண்டாது என்று தன்னிடமும் ஒருவர் சொன்னார், அந்தப் பெண் எதை வைத்து இதை நம்புவாள் என்று தோன்றியதும் அதைச் சொல்லாமல் விட்டாள்.

"பாத்து இரும்மா" என்று சொல்லிவிட்டு போனை வைத்தாள்.