கைராசி

முதுகெலும்பு ஆபரேஷன் முடிந்து படுத்திருந்தவர், "வலியே தெரியல டாக்டர்!" என்று சிரித்தார். அவர் மனைவி சர்ஜனைக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"எல்லாம் என் கைராசிம்மா," என்றார் சர்ஜன்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வெட்டித் தைத்தது அவர். முதுகில் ஊசி போட்டு நரம்புகளை மரத்துப்போக வைத்தது மயக்க டாக்டரான நான். அந்த ஊசி வெட்டிவேலை என்று காலையில் தியேட்டரில் அத்தனை பேர் முன்னால் என்மேல் எரிந்து விழுந்ததும் இதே வாய்தான்.

"ஊசி மருந்தோட வேகம் நாளைக்குக் குறைஞ்சிடும்மா," என்றேன். "அப்ப வலிச்சா என்னைக் கூப்பிடாதீங்க. சாரைக் கூப்பிடுங்க, வந்து கையை வெச்சிட்டுப் போவாரு."

அவள் பயபக்தியோடு சர்ஜன் பக்கம் திரும்பிப் போனை எடுத்தாள். "நம்பர் சொல்லுங்க சார்."