பஸ்ரா பிரின்ஸின் இடது முன்கால்

நவரத்தினம் நாலு வருடமாகக் குதிரைகளின் கால்களை ஆராய்ந்து வருகிறவர். ஆனால் ஒரு குதிரையையும் தொட்டதில்லை. இந்த இரண்டாவது விஷயம் வெளியே தெரியாமல் இருந்ததற்குக் காரணம், அதை அவரிடம் ஒருவரும் கேட்கவில்லை என்பதுதான்.

கொழும்புக் கோட்டையில் ஒரு கந்தோரில் அவருக்குக் கிளாக்கர் வேலை. வீடு வெள்ளவத்தையில், கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில். கிழமையில் மூன்று நாள் விடியற்காலை சைக்கிளில் கறுவாத்தோட்டத்து ரேஸ் மைதானத்துக்குப் போவார். ஓட்டப் பழக்கத்துக்குக் கொண்டுவரும் குதிரைகளை வேலிக்கு வெளியே நின்று பார்ப்பார். பார்த்ததை நீல அட்டைக் கொப்பியில் பென்சிலால் எழுதுவார். இலக்கம், திகதி, பெயர், நிறம், நடை, கால் என்று கோடு கிழித்த பத்திகள். கடைசிப் பத்தி 'முடிவு'. அதிலே 'ஐயமில்லை' என்ற சொல் அடிக்கடி வரும்.

அதே வேலியில் அவரோடு இன்னும் இரண்டு பேர் நிற்பார்கள். ஒருவர் கிளறன்ஸ். கொட்டாஞ்சேனைக்காரர், துறைமுகத்தில் மூட்டை எண்ணும் உத்தியோகம். பொரளை வரை ட்ராமில் வந்து மிச்சத்தை நடந்து வருவார். எவரையும் 'மென்' என்றுதான் கூப்பிடுவார். குதிரையின் காதைப் பார்த்தாலே போதும் என்பது அவருடைய கட்சி. மற்றவர் பலீல் நானா. வெள்ளவத்தைச் சந்தியில் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கிறார். அவருக்குக் காதும் வேண்டாம், காலும் வேண்டாம். குதிரை எந்தக் கப்பலில், எந்த ஊரிலிருந்து வந்தது என்று தெரிந்தால் போதும்.

மூன்று பேரும் பார்த்து முடித்ததும் பலீல் நானாவின் கடைக்கு அடுத்த தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்வார்கள். ஒருவர் தீர்ப்பை மற்ற இருவரும் ஏற்றுக்கொண்டதாகச் சரித்திரம் இல்லை. ஆனாலும் நவரத்தினம் "இது ஓடாது" என்று சொன்ன குதிரை பெரும்பாலும் ஓடவில்லை. அதனால் அவருடைய பேச்சுக்கு அங்கே ஒரு மரியாதை இருந்தது. அந்த மரியாதைதான் 1937ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் ஆபத்துக்கு வந்தது.

விஷயம் பஸ்ரா பிரின்ஸ் என்ற சாம்பல் நிற அரபுக் குதிரையைப் பற்றியது. ஆகஸ்ட் ரேஸில் அதுதான் வெல்லும் என்று கொழும்பு முழுவதும் பேச்சு. கிளறன்ஸும் பலீல் நானாவும் வாழ்நாளில் முதல் தடவையாக ஒரே குதிரையில் ஒத்துப்போயிருந்தார்கள்.

"காதப் பாத்தீங்களா மென், காத!" என்றார் கிளறன்ஸ். "ரெண்டும் முன்னுக்கு நிக்குது. பூசைக்கு மணி அடிக்கிறதக் கேக்கிற மாதிரி."

"காத உடுங்க," என்றார் பலீல் நானா. "அது பஸ்ராவில இருந்து பம்பாய்க்கு வந்து, அங்க இருந்து இங்க வந்த குதிர. அந்த மண்ணுட குதிர தோக்காது."

நவரத்தினம் தேத்தண்ணியை ஊதிக் குடித்தார். கொப்பியைத் திறந்தார். மூடினார்.

"ஓடாது," என்றார்.

"ஏன் ஓடாது?"

"கால் சரியில்லை. இடது முன்கால். மூன்று நாள் பாத்திட்டன். ஐயமில்லை."

கிளறன்ஸ் கோப்பையை மேசையில் வைத்த சத்தத்தில் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "நவம், உம்மட வாயில நல்ல வார்த்தையே வராதா? போன மாசம் அந்தச் செவலக்கும் இதத்தான் சொன்னீர்."

"அது கடைசியாய் வந்ததே, மறந்துபோச்சோ?"

"அது ஜொக்கிட பிழை! செரி, உமக்கு அவ்வளவு நிச்சயம் எண்டா எங்களிட்ட ஏன் சொல்றீர்? குதிரைச் சொந்தக்காரனிட்டச் சொல்லும் பாப்பம். நீர்தான் பெரிய கடிதம் எழுதுற ஆளாச்சே."

கிளறன்ஸ் சும்மா குத்திப் பேசியதுதான். ஆனால் கடிதம் எழுதச் சொன்னால் நவரத்தினத்தால் எழுதாமல் இருக்க முடியாது. அவருக்குள் இருந்த ஊர்ப் பள்ளிக்கூடத்து மாணவன் அப்போதே மைக்கூட்டைத் தேடத் தொடங்கிவிட்டான்.

"எழுதுறன்," என்றார்.

"பிழைச்சா?"

"பிழைச்சால் இந்தக் கொப்பியை உம்மட கையில தாறன்."

"எனக்கு எதுக்கு மென்? அங்கம்மாக்குக் குடுக்கிறன். கடலை சுத்துறதுக்கு நல்ல தடிச்ச கடதாசி."

அங்கம்மா ரேஸ் மைதான வாசலில் வறுத்த கடலை விற்பவள். பலீல் நானா இதைக் கேட்டுச் சிரித்துப் புரைக்கேறி, "நான் சாட்சி, நான் சாட்சி," என்று மேசையில் தட்டினார்.

அன்று பின்னேரமே கடிதம் தயாராகிவிட்டது. குதிரையின் சொந்தக்காரர் டொக்டர் நமசிவாயம், பொரளையில் பேர்பெற்ற வைத்தியர். நவரத்தினம் அவருக்கு வணக்கம் சொல்லி, நலம் விசாரித்து, விஷயத்தை இலக்கமிட்டு எழுதினார்.

'1. தங்கள் பஸ்ரா பிரின்ஸ் என்னும் குதிரை மெல்லோட்டத்தில் தலையை ஆட்டுகிறது.

2. இடது முன்கால் நிலத்தில் படும்போதெல்லாம் தலை கீழே போகிறது.

3. ஆகவே நோவு இடது முன்காலில் உள்ளது. ஐயமில்லை.'

எட்டு நாள் கழித்துப் பதில் வந்தது. டொக்டர் இரண்டே வரி எழுதியிருந்தார். இடது முன்காலைத் தாமும் தம்முடைய ஆட்களும் ஒரு கிழமையாகப் பார்த்தும் ஒன்றும் காணவில்லையென்றும், நவரத்தினம் அவர்கள் வருகிற ஞாயிறு காலை ஏழு மணிக்கு லாயத்துக்கு வந்து, நோவு உள்ள இடத்தைத் தமது கையாலேயே தொட்டுக் காட்ட வேண்டுமென்றும்.

'தமது கையாலேயே' என்ற இடத்தில் நவரத்தினம் நின்றுவிட்டார்.

அவருடைய மனைவி அருந்ததி கடிதத்தை வாங்கிப் படித்தாள். சிரிப்பை அடக்க முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். "மாட்டுவண்டி வந்தால் றோட்டைக் கடந்து அந்தப் பக்கம் போற ஆள் நீங்கள். குதிரையைத் தொடப் போறியளோ?"

"மாடு வேற, குதிரை வேற."

"ஓம், குதிரை இன்னும் உயரம்."

"போகேல்லையெண்டால் கொப்பி போச்சு, அருந்ததி. நாலு வருசத்துக் கொப்பி."

இதைச் சொன்னபோது அவர் முகம் போன போக்கைப் பார்த்து அவள் சிரிப்பை நிறுத்திவிட்டாள். ஞாயிறு காலை, கேட்காமலே அவருடைய வெள்ளைக் கோட்டுக்குப் பெட்டி போட்டு வைத்தாள். குதிரைக்குக் கொடுக்கச் சீனிக்கட்டி இரண்டைக் கடதாசியில் சுற்றிப் பையில் வைத்தாள்.

லாயத்து வாசலில் கிளறன்ஸ் முதலே வந்து நின்றார். கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் முதற் பூசையை முடித்துக்கொண்டு நேரே வந்திருக்கிறார். பலீல் நானா ஞாயிற்றுக்கிழமைக் கடையையும் மைத்துனனிடம் விட்டுவிட்டு வந்திருந்தார்.

"கொப்பியக் கொண்டந்தீரா?" என்று கேட்டார் கிளறன்ஸ்.

நவரத்தினம் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்த கொப்பியைக் காட்டினார். வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்ததில் குதிரை என்பது கால்களாலும் நடையாலும் ஆன ஒரு விஷயமாக அவருக்கு இருந்தது. இப்போது உள்ளேயிருந்து ஒரு சுவர் அசைந்து வருவதுபோல பஸ்ரா பிரின்ஸ் வந்தது. கயிற்றைப் பிடித்து வந்தவர் குதிரைக்காரர் ஸாலிஹ். கொம்பனித்தெருவைச் சேர்ந்தவர், சிறு உருவம், வெற்றிலை வாய். பின்னால் டொக்டர் நமசிவாயம் தொப்பியைக் கையில் பிடித்தபடி வந்தார்.

"நீங்கள்தானே மிஸ்டர் நவரத்தினம்? உங்கட கடிதம் நல்ல கடிதம். இலக்கம் எல்லாம் போட்டிருந்தியள். இப்ப அந்தக் காலைக் காட்டுங்கோ."

நவரத்தினம் ஓர் அடி முன்னே வைத்தார். குதிரை மூக்கால் ஒரு மூச்சு விட்டது. அவர் இரண்டடி பின்னே வைத்தார்.

"என்ன மென், காத்துக்கே பின்வாங்கிறீர்?" என்றார் கிளறன்ஸ்.

"வெளிச்சம் பத்தாது. இடம் பாக்கிறன்."

"சூரியன் உம்மட மொட்டையில அடிக்குது, இன்னும் என்ன வெளிச்சம்?"

நவரத்தினம் சீனிக்கட்டியை எடுத்து நீட்டினார். குதிரை அதை விட்டுவிட்டுக் கொப்பியின் மூலையைக் கடித்தது. அவர் ஒரு பக்கம் இழுக்க, அது ஒரு பக்கம் இழுக்க, "அல்லாஹ்வே, குதிர படிச்சுப் பாக்கப் போகுது," என்றார் பலீல் நானா. ஸாலிஹ் நடுவில் புகுந்து கொப்பியை மீட்டுக் கொடுத்தார். பிறகு நவரத்தினத்தின் மணிக்கட்டைப் பிடித்துக் கொண்டுபோய்க் குதிரையின் இடது முன்காலில் வைத்தார்.

கால் குளிர்ந்திருந்தது. முழங்காலுக்குக் கீழே நரம்பு இறுக்கிக் கட்டிய கயிறுபோல இருந்தது. வீக்கம் இல்லை, சூடு இல்லை. அழுத்தினால் குதிரை நெளியவும் இல்லை. முதல் தடவையாகத் தொட்டவருக்குக்கூட அதில் பிழை ஒன்றும் இல்லையென்று தெரிந்தது.

"எப்படி?" என்றார் டொக்டர்.

"நோவு... காணேல்லை," என்றார் நவரத்தினம்.

கிளறன்ஸ் கையை நீட்டினார். "கொண்டாரும்."

நவரத்தினம் குனிந்த தலை நிமிராமல் கொப்பியை நீட்டினார். மூலையில் குதிரையின் பல் பதிந்து ஈரமாக இருந்தது. கிளறன்ஸ் வாங்கிக்கொண்டதும் அதைத் தட்டிப் பார்த்து, "இருநூறு கடலைச் சுருளுக்குப் போதும்," என்றார். ஆனால் முன்னைப்போலச் சத்தமாகச் சொல்லவில்லை.

அப்போது ஸாலிஹ் கேட்டார். "தொர, ஒண்டு கேக்கிறேன், கோவிக்காதீங்க. இடது எண்டு எப்படிப் புடிச்சீங்க?"

"இடது கால் நிலத்தில படேக்க தலை கீழ போகுது. மூன்று நாளும் எண்ணிப் பாத்தனான்."

ஸாலிஹ் வெற்றிலையை மெல்லுவதை நிறுத்தினார். "தல கீழ போகுதா?"

"ஓம்."

"உங்கட வலது கால்ல முள்ளுக் குத்தினா, தொர, எந்தக் கால்ல பாரத்தப் போடுவீங்க?"

"இடது காலில."

"குதிரயும் அப்படித்தான். நோகிற கால் படக்கொள்ள தலயத் தூக்கும். நல்ல கால் படக்கொள்ளதான் தலயப் போடும்."

பிறகு ஸாலிஹ் குதிரையின் மறுபக்கம் போய்க் குனிந்தார். வலது முன்காலை மேலிருந்து கீழே மெதுவாகத் தடவி வந்தார். முழங்காலுக்குச் சற்றுக் கீழே கை நின்றது. அங்கே விரலால் அழுத்தினார். பஸ்ரா பிரின்ஸ் காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டது.

"டொக்டர், இங்க சூடு ஈக்கு."

டொக்டர் தொப்பியைப் புல்லில் போட்டுவிட்டுக் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தபோது முகத்தில் கோபம் இருந்தது, ஆனால் அது யார்மேல் என்று அவருக்கே விளங்கவில்லை. "ஒரு கிழமையாய் என்ன பாத்தனீ?"

"எங்கயோ ஒண்டு ஈக்கு எண்டு நான் செல்லத்தானே செஞ்ச? நீங்கதான் கடிதத்தக் காட்டி, இடதப் பாரு, இடதப் பாரு எண்டீங்க. நான் இடதப் பாத்தேன்."

டொக்டர் நவரத்தினத்தின் பக்கம் திரும்பினார். "மிஸ்டர் நவரத்தினம், நீங்கள் கடிதம் எழுதாட்டில் நான் இந்தக் குதிரையை ஆகஸ்டில ஓட விட்டிருப்பன். ஓடியிருந்தால் இந்தக் கால் முடிஞ்சிருக்கும். ஆனால் உங்கட கடிதத்தாலதான் ஒரு கிழமையாய் மற்றக் காலைப் பாக்காமலும் விட்டிட்டம். உங்களுக்கு நன்றி சொல்லுறதோ, ஏசுறதோ எண்டு தெரியேல்லை." யோசித்துவிட்டு, "வாங்கோ, கோப்பி குடிப்பம்," என்றார்.

அன்று மத்தியானம் சாப்பிட உட்காரும்வரை நவரத்தினம் கை கழுவவில்லை. "குதிரை மணக்குது, கழுவிப்போட்டு வாங்கோ," என்றாள் அருந்ததி. அவர் கையை ஒருமுறை மோந்து பார்த்துவிட்டுத்தான் எழுந்து போனார்.

தேத்தண்ணிக் கடையில் வழக்கு மூன்று கிழமை நடந்தது.

"சொன்ன கால் பிழை. ஆகவே கொப்பி என்னுடையது," என்றார் கிளறன்ஸ்.

"ஆனா குதிர செரிதானே? ஓடாது எண்டாரு, ஓடல்லயே," என்றார் சாட்சியான பலீல் நானா.

"நாலு வருசமா இந்த மனுசன் கொழும்பில உள்ள நல்ல கால எல்லாம் நோயாளியாக்கி வச்சிருக்கிறார், நானா! இடது எண்டதெல்லாம் வலது, வலது எண்டதெல்லாம் இடது. நாமளும் கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறம்."

"காலப் பாத்து நாம என்ன செய்ற? அவரு செல்லின குதிர தோத்திச்சா இல்லயா, அதச் செல்லுங்க."

மூன்றாம் கிழமை முடிவில் கிளறன்ஸ் கொப்பியை மேசையில் வைத்து நவரத்தினத்தின் பக்கம் தள்ளினார். "எடும் மென். உம்மட முகத்தப் பாக்கச் சகிக்கல்ல."

நவரத்தினம் எடுத்துக்கொண்டார்.

ஆகஸ்ட் ரேஸ் வந்தது. பஸ்ரா பிரின்ஸ் இல்லாத ரேஸ். மூன்று பேரும் மலிவுக் கலரியில் வழக்கமான படியில் உட்கார்ந்தார்கள். கிளறன்ஸ் வாசலில் அங்கம்மாவிடம் வாங்கிய கடலைச் சுருளைத் திறந்தார். இரண்டு கடலை வாயில் போட்டபின் கை நின்றது. சுருளைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்தார். கோடு கிழித்த பத்திகள், பென்சில் எழுத்து. 'இலக்கம் 87. இடது முன்கால். ஐயமில்லை.' மூலையில் குதிரைப் பல்லின் தழும்பு.

"நவம்! இது உம்மட..."

"கடலையைச் சாப்பிடும்," என்றார் நவரத்தினம். "சொன்னால் சொன்னதுதான். அங்கம்மாவிட்டக் குடுத்திட்டன்." அவர் மடியில் புதிய கொப்பி ஒன்று இருந்தது. பச்சை அட்டை. பத்திகள் முன்போலத்தான். 'கால்' என்ற பத்திக்கு முன்னால் மட்டும் 'தலை' என்று ஒரு பத்தி கூடியிருந்தது.

பலீல் நானா தன்னுடைய சுருளையும் விரித்துப் பார்த்தார். அவருக்கு இலக்கம் 112 கிடைத்திருந்தது.

கிளறன்ஸ் கடலை முழுவதையும் தின்று முடித்தார். கடதாசியைக் கசக்கி எறியக் கை ஓங்கினார். பிறகு அதைத் தொடையில் வைத்து மெதுவாக நீவினார். மறுபக்கத்தில் பெயர் எழுதியிருந்த குதிரை நாலாவது ரேஸில் ஓடப்போகிற குதிரை.

"எதுக்கும் இருக்கட்டும் மென்," என்று சொல்லி, நாலாய் மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார்.