மர நிழலில் மட்டும்

தார் போட்டு மூன்று மாதம்கூட ஆகவில்லை. சாலை முழுக்கக் கல்லைப் போல் உறுதியாக இருக்க, அந்த ஒற்றை மரத்தின் நிழலில் மட்டும் ஜல்லி பொலபொலவென்று உதிர்ந்து, பள்ளம் விழுந்து கிடந்தது.

"வேர் பண்ற வேலைம்மா. மரத்தை வெட்டினாத்தான் சரியாகும்" என்று ரோலர் ஓட்டுநர் அடித்துச் சொன்னார். பழுதுபார்க்க வந்திருந்த பெண் பொறியாளருக்கு அது சரியாகப் படவில்லை. வேர் என்றால் சாலையை மேலே தூக்கியிருக்குமே? இங்கே தார் அல்லவா கரைந்திருக்கிறது?

பள்ளத்தைச் சதுரமாக வெட்டச் சொல்லி, அடியில் கிடந்த ஒரு கட்டியை எடுத்து முகர்ந்தாள். குப்பென்று டீசல் வாடை அடித்தது. தாரைக் கரைக்கும் டீசல், வண்டிகளே நிற்காத இடத்தில் எங்கிருந்து வந்தது? மண்டையைக் குடைந்துகொண்டே பள்ளத்தில் புதுத் தார்க்கலவையைக் கொட்டச் செய்தாள்.

வெயில் மண்டையைப் பிளந்தது. ஓட்டுநர் ரோலரை நிழலில், புதுத் தாரின் மேலேயே நிறுத்தினார். கேனைத் திறந்து உருளையில் தாராளமாக ஊற்றினார். அது வழிந்து கீழே சொட்டியது.

"என்னண்ணே ஊத்தறீங்க?"

"டீசல்மா. உருளையில தார் ஒட்டக்கூடாதுல்ல? போன தடவையும் இங்க நின்னுதான் ஊத்தினேன்."

அவள் கேனை வாங்கிக் கீழே வைத்தாள்.

"இனிமே தண்ணி ஊத்துங்க. ஆமா, மரத்தை வெட்டியிருந்தா, டீசல் ஊத்த நிழலுக்கு எங்கண்ணே போயிருப்பீங்க?"