லோஜினியின் மூன்றாவது புள்ளி

லோஜினிக்குப் பூரணி டீச்சர் போட்ட புள்ளி ஐம்பதுக்கு நாற்பத்தொன்று. மயூரதன் சேர் போட்டது பத்தொன்பது. ஒரே பிள்ளை, ஒரே மாதிரிக் கேள்விகள். இதில் எதை நம்புவது?

மீத்திறன் பிள்ளைகளைக் கண்டுபிடிக்கும் வாய்மொழிப் பரீட்சைக்குத் தர நியமம், அதாவது நடத்தும் விதிகள், எழுதத்தான் ஹட்டனில் குழு கூடியிருந்தது. மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கும் பூரணியும், யாழ்ப்பாணத்திலிருந்து வந்த அதிகாரி மயூரதனும் அதில் இருந்தார்கள். ஒரு பிள்ளையை இரண்டு பேர் தனித்தனியாகக் கேட்க வேண்டும், புள்ளிகள் ஒத்துப்போகாவிட்டால் பிழை பரீட்சையில்தான், பிள்ளையில் அல்ல என்பது முதல் நியமம். நாற்பது எடுத்த தரம் ஐந்துப் பிள்ளைக்கு டவுனில் விசேட வகுப்பு. பூரணியின் வகுப்புப் பிள்ளையான லோஜினி அடுத்த வருஷம் தரம் ஆறு. இப்போது விட்டால் விட்டதுதான்.

பூரணி விடையைக் கொஞ்சம் எடுத்துக் கொடுத்திருப்பாரோ என்று மயூரதன் மெல்லக் கேட்டுவைத்தார். பூரணிக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. இவர் கேட்ட லட்சணம் தெரியாதா? ஐம்பது கேள்வியில் முப்பதுக்கு அந்தப் பிள்ளை "தெரியாதுங்க" என்றுதானே சொல்லியிருக்கும்! ஃபைலும் கையுமாக வரும் ஆள் எது கேட்டாலும் தெரியாது என்று சொல் என்பது தோட்டத்து லயன் வீடுகளில் வளரும் பிள்ளைகளுக்கு நடை பழகும்போதே சொல்லிக்கொடுப்பது. தோட்டத்து அனுமதி இல்லாமல் பின்பக்கம் சமைக்கிற குசினியை இழுத்துக் கட்டியது யார், களவாக லைட் வயரைப் பிடித்துக் கொடுத்தது யார் என்று வாயைக் கிளறத்தான் அப்படிப்பட்டவர்கள் வருவார்கள். இதையெல்லாம் பூரணி ஒரே மூச்சில் கொட்டித் தீர்த்தார்.

மயூரதன் நல்ல மனுஷன், காதுகொடுத்துக் கேட்டார். புதுக் கேள்விகளோடு தானே மறுபடி கேட்டுப் பார்க்கிறேன் என்று பாடசாலைக்கே வந்தார். ஃபைல் இல்லை. முதலில் நீ என்னைக் கேள் என்றார். லோஜினி விடுவாளா? டேமில் தண்ணீர் குறைந்தால் பழைய கோயில் வெளியே தெரிகிறதே, கோயிலில் பூசை நடந்த காலத்தில் அந்தத் தண்ணீரெல்லாம் எங்கே இருந்தது என்று கேட்டாள். மயூரதன் சிரித்துக்கொண்டே ஆறு, மழை என்று சொல்லிப் பார்த்தார். அதற்குப் பிறகுதான் பரீட்சை தொடங்கியது.

பூரணி கடைசி வாங்கில் உட்கார்ந்திருந்தார். பிள்ளை டக் டக்கென்று சொல்லிக்கொண்டு போனது. ஒரு கேள்விக்கு விடை சொல்லிவிட்டு மயூரதனின் கையைப் பார்த்தாள். அந்தக் கை சரிக்கும் பிழைக்கும் ஒரே மாதிரி உடனே எழுதியது. லோஜினி திரும்பிப் பூரணியைப் பார்த்தாள்.

பூரணிக்குச் சுருக்கென்றது. வகுப்பில் பிள்ளை பிழையாகச் சொன்னால் தன் பேனா எழுதாமல் நிற்கும், பிள்ளை யோசித்து மாற்றிச் சொல்லும். படிப்பிக்கும்போது அது நல்லது. அன்றைக்குப் பரீட்சையிலும் பேனா அப்படித்தானே நின்றது? பூரணி தலையைக் குனிந்துகொண்டார், முடியும்வரை நிமிரவில்லை.

புள்ளி முப்பத்தேழு.

லோஜினியை வெளியே அனுப்பிவிட்டு மயூரதன்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"டீச்சர், இது கெட்டிக்காரப் பிள்ளை. உங்கட நாப்பத்தொண்டையே போட்டு அனுப்புவம். நான் ஒண்டும் சொல்லமாட்டன்."

சரி என்று சொல்லிவிடத்தான் பூரணிக்கு ஆசை. தொண்டை வரைக்கும் வந்துவிட்டது.

"வேணாங்க சேர். அந்த நாப்பத்தொன்னுல அவ எடுத்தது எது, நான் குடுத்தது எதுன்னு எனக்கே தெரியல. என்னோடது செல்லும்னா ஒங்க பத்தொன்பதும் செல்லும். அப்புறம் நம்ம புள்ளைங்க எல்லாம் தெரியாதுன்னு சொல்லியே வெளிய போயிருங்க."

பூரணி இரண்டு நியமங்களை எழுதினார். பரீட்சிப்பவர் பிள்ளையோடு பழகிவிட்டே தொடங்க வேண்டும். சொந்த ஆசிரியர் கேட்கக் கூடாது, பக்கத்திலும் இருக்கக் கூடாது. முப்பத்தேழுக்குக் கீழே கையெழுத்தும் போட்டார்.

வெளியே லோஜினி காத்திருந்தாள். விசேட வகுப்பு கிடைக்கவில்லை என்று பூரணி சுற்றிவளைக்காமல் சொன்னார். பிள்ளை அழவில்லை.

"எந்தக் கேள்வி டீச்சர் தப்பு?"

அதே கேள்விகளை இனி மற்றப் பிள்ளைகளிடமும் கேட்க வேண்டும்.

"அத சொல்லக் கூடாதும்மா."

லோஜினி விடவில்லை. ஒவ்வொரு கேள்வியாகத் தானே சொல்லி, ஒவ்வொன்றுக்கும் பூரணியின் முகத்தைப் பார்த்தாள். பூரணி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.