பாதியும் மூன்றில் ஒன்றும்

சோலை பத்தாம் வகுப்புக் கணக்கில் நாற்பத்தொன்று வாங்கியவன். அது இருபது வருஷத்துக்கு முந்தைய சங்கதி. இருந்தாலும் பேரையூர்ப் பக்கத்தில் அவன் ஊரில் யாராவது கணக்கு என்று பேச்செடுத்தால் போதும், காலரைத் தூக்கி விட்டுக்கொள்வான். அதனால் மனைவி பாண்டீஸ்வரி எட்டாம் வகுப்புத் தனித்தேர்வு எழுதப் போகிறேன் என்றதும், "டியூசனெல்லாம் எதுக்கு புள்ள, நான் இருக்கேன்ல" என்று அவன் சொன்னதில் ஆச்சரியம் இல்லை. அவள் அதை நம்பியதுதான் ஆச்சரியம்.

பாண்டி ஏழாவதோடு நின்றவள். படிப்பு ஏறாமல் நிற்கவில்லை, கபடி இழுத்துக்கொண்டு போனதால் நின்றாள். மாவட்ட அணி வரைக்கும் ஆடினாள். கல்யாணத்துக்குப் பிறகு ஆட்டம் போனது, ஆசை போகவில்லை. பக்கத்தில் இருக்கும் மிஷன் பள்ளி மைதானத்தில் சாயந்திரம் பெண் பிள்ளைகளுக்குச் சம்பளம் இல்லாமல் கபடி சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். அந்தப் பள்ளியின் தலைமையாசிரியை விக்டோரியா ஒருநாள் அவளைக் கூப்பிட்டு, "ஆபீஸ்ல உதவியாளர் இடம் காலியாகுது பாண்டி. எட்டாவது பாஸ் சர்டிபிகேட் மட்டும் கொண்டு வா. நாள் முழுக்க இந்தப் பிள்ளைங்களோடயே இருக்கலாம்" என்று சொல்லிவிட்டார். அன்றைக்கு வீட்டுக்கு வந்த பாண்டிக்குக் கால் தரையில் பாவவில்லை.

தமிழும் சமூக அறிவியலும் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. இங்கிலீஷை உருப்போட்டுவிடலாம். கணக்குதான் வழிமறித்தது. அதிலும் 'விகிதமுறு எண்கள்' என்ற பாடம். அந்தப் பெயரை வைத்தவருக்கு வாயில் சுளுக்கே வந்ததில்லை போலிருக்கிறது. மேலே ஓர் எண், கீழே ஓர் எண், நடுவில் ஒரு கோடு, முன்னால் வேண்டுமானால் ஒரு கழித்தல் குறி. அவ்வளவுதான் விஷயம்.

சோலை குட்டியானை என்கிற சின்ன லோடு வண்டி ஓட்டுகிறவன். விடியுமுன்னே ஊர் ஊராக மல்லிகை மூட்டை ஏற்றிக்கொண்டு மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் இறக்கிவிட்டு மத்தியானம் வீடு திரும்புவான். சாப்பிட்ட கையோடு பாடம் ஆரம்பமாகும். முதல் நாளே அவன் கொடுத்த கணக்கு, பாதியையும் மூன்றில் ஒன்றையும் கூட்டு என்பது. பாண்டி கண்ணை மூடித் திறப்பதற்குள் விடை சொன்னாள்.

"அஞ்சுல ரெண்டு."

"எப்புடி?"

"மேல ஒண்ணும் ஒண்ணும் ரெண்டு. கீழ ரெண்டும் மூணும் அஞ்சு."

"தப்பு."

"என்ன தப்பு? மொத ஆட்டத்துல ரெண்டு தடவ பாடிப் போறேன், ஒரு தடவ தொட்டுட்டு வாரேன். ரெண்டாவது ஆட்டத்துல மூணு தடவ போறேன், ஒரு தடவ தொட்டுட்டு வாரேன். மொத்தம் அஞ்சு தடவ போயி ரெண்டு தடவ தொட்டிருக்கேன். இதுல என்ன தப்பக் கண்டுபிடிச்சுட்டீக?"

ஆறில் ஐந்து என்பதுதான் விடை, அது சோலைக்குத் தெரியும். கீழே இருப்பதை ஒன்றாக்கி, மேலே பெருக்கி, கூட்டி, எல்லாம் செய்து காட்டினான். ஆனால் அவள் சொன்னது ஏன் தப்பு என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. நாற்பத்தொன்று மார்க்கில் அந்தச் சமாச்சாரம் அடங்கியிருக்கவில்லை. "சொன்னாக் கேளு" என்று எழுந்து போய்விட்டான். வாத்தியார்கள் எல்லாரும் வேறு வழியில்லாதபோது செய்வதைத்தான் அவனும் செய்தான்.

மறுநாள் காலை லோடு ஏற்றும்போது அவனுக்குப் பளிச்சென்று பட்டது. மத்தியானம் அவளை வண்டிக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போய் நிறுத்தினான்.

"இந்தா பாரு. மொத ஊர்ல பாதி வண்டி நெறஞ்சு போச்சு. அடுத்த ஊர்ல இன்னும் மூணுல ஒரு பங்கு ஏத்துறேன். இப்ப வண்டி பாதிக்கு மேல இருக்குமா, கீழ இருக்குமா?"

"மேலதான்."

"நீ சொன்ன அஞ்சுல ரெண்டு, பாதிக்கு மேலயா கீழயா?"

பாண்டி யோசித்தாள். "கீழ."

"அப்ப மூட்டைய ஏத்த ஏத்த எனக்கு லோடு குறையுதா? மந்திரமா?"

அவள் சிரித்துவிட்டாள். வண்டியின் பின்பலகையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு சட்டென்று நிறுத்தி, அவனையே பார்த்துச் சொன்னாள். "மாமா, உங்க வண்டி ஒரே வண்டி. பாதின்னாலும் அதுலதான், மூணுல ஒண்ணுன்னாலும் அதுலதான். என்னோடது அப்புடி இல்ல. ஒவ்வொரு ஆட்டமும் வேற வேற. அதான் ரெண்டும் ஒத்து வரல."

சோலைக்கே தெரியாததை அவள் எடுத்து வைத்துவிட்டாள். அன்றைக்குக் கடைத்தெருவில் பார்க்கிறவர்களிடமெல்லாம், "எம் பொண்டாட்டி எம்புட்டு அறிவாளி தெரியுமா" என்று சொல்லிக்கொண்டு திரிந்தான். கேட்டவர்கள் கல்யாணம் இப்போதுதான் ஆனதோ என்று நினைத்திருப்பார்கள்.

புரிந்தது வேறு, கை பழகுவது வேறு. அவசரமாகப் போட்டால் பாண்டியின் கை மறுபடியும் மேலோடு மேலையும் கீழோடு கீழையும் கூட்டியது. பரீட்சை நெருங்க நெருங்க அது கூடிக்கொண்டே போனது. கடைசி வாரத்தில் ஒருநாள் நான்கில் மூன்றையும் ஐந்தில் ஒன்றையும் கூட்டி ஒன்பதில் நான்கு என்று எழுதிவைத்தாள். சோலைக்குப் பொறுமை போய்விட்டது. அவள் வலது கையைப் பிடித்து இழுத்துத் தன் தலையில் வைத்தான்.

"இனிமே கீழ இருக்கத கீழ இருக்கதோட கூட்டி எழுத மாட்டேன்னு எந் தலையில அடிச்சுச் சொல்லு."

"வேணாம் மாமா. இதுக்கெல்லாமா சத்தியம்?"

"சொல்லு."

அவள் தயங்கினாள். அந்தப் பக்கத்தில் கோர்ட்டில் சொல்கிற சத்தியத்தைக்கூடக் கொஞ்சம் முன்னே பின்னே வைத்துக்கொள்வார்கள். தலையில் கை வைத்துச் சொன்னதை மட்டும் மீற மாட்டார்கள். மீறினால் சொன்னவருக்கு ஒன்றும் ஆகாது, தலைக்குச் சொந்தக்காரருக்குத்தான் கேடு என்பது நம்பிக்கை. சோலைக்கும் இது தெரியும். கோபத்தில் இருந்தான், விடவில்லை. பாண்டி மெதுவாகச் சொன்னாள். அதற்குப் பிறகு ஒரு கணக்கில்கூட அவள் தவறவில்லை. தன் வைத்தியம் பலித்ததென்று சோலை மீசையைத் தடவிக்கொண்டான்.

பரீட்சை மையம் திருப்பரங்குன்றத்தில். கணக்குப் பரீட்சையன்று அவனே வண்டியில் கொண்டுபோய் விட்டான். முடியும் வரை பள்ளிக்கூட வாசலிலேயே டீ மேல் டீயாகக் குடித்துக்கொண்டு நின்றான். வெளியே வந்த பாண்டி வண்டியில் ஏறி உட்கார்ந்து துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"எப்புடி?"

"கூட்டல் எல்லாம் சரியாப் போட்டேன். ஒரு அஞ்சு மார்க்கு மட்டும் விட்டுட்டேன்."

"என்ன கேட்டான்?"

"மூணுல ஒண்ணுக்கும் பாதிக்கும் நடுவுல இருக்க ஒரு விகிதமுறு எண்ணக் கண்டுபிடிச்சு, கோடு போட்டுக் குறிக்கணும்."

"அது சொல்லிக்குடுத்தேன்ல. ரெண்டையும் கூட்டிப் பாதியாக்கணும்."

"அது மறந்து போச்சு மாமா. ஆனா விடை தெரிஞ்சது. ஒரு ஆட்டத்துல மூணுக்கு ஒண்ணு தொட்டேன், இன்னொண்ணுல ரெண்டுக்கு ஒண்ணு தொட்டேன். ரெண்டையும் சேத்துப் பாத்தா நல்லா ஆடுனதுக்கும் சுமாரா ஆடுனதுக்கும் நடுவுலதான வரும்? அஞ்சுல ரெண்டு."

சோலை செல்போனை எடுத்துத் தட்டிப் பார்த்தான். மூன்றில் ஒன்று பூஜ்யம் புள்ளி மூன்று மூன்று. பாதி பூஜ்யம் புள்ளி ஐந்து. ஐந்தில் இரண்டு பூஜ்யம் புள்ளி நான்கு. இரண்டுக்கும் இடையில் உட்கார்ந்திருந்தது.

"சரிதான புள்ள. எழுத வேண்டியதுதான?"

"அது கீழயும் கீழயும் கூட்டுனா வாரதுல்ல" என்றாள் பாண்டி. "மனசுக்குள்ள வந்ததுக்கு நான் என்ன பண்ண. எழுதத்தான் பேனா எடுத்தேன். உங்க தலையில கை வச்சது ஞாபகத்துக்கு வந்துருச்சு. விட்டுட்டேன்."

சோலை சாவியைத் திருகவில்லை. முன்னால் போகிற பஸ்ஸையும் வருகிற பஸ்ஸையும் பார்த்துக்கொண்டே இருந்தான். கிறுக்கச்சி என்று திட்ட நினைத்தான். ஆனால் திட்ட வேண்டியது யாரை என்று அவனுக்கே தெரிந்திருந்தது. ஐந்து மார்க்கு போனால் போகட்டும், பாஸாகிவிட்டால் போதும் என்று குன்றத்து முருகனை வண்டியில் இருந்தபடியே கும்பிட்டுவிட்டுக் கிளம்பினான்.

முருகனுக்கு வேறு சோலி இருந்திருக்க வேண்டும். முடிவு வந்தபோது மற்ற எல்லாப் பாடத்திலும் பாஸ். கணக்கில் முப்பத்திரண்டு. மூன்று மார்க்கு குறைவு. விக்டோரியா டீச்சர் போனில் மிகவும் வருத்தப்பட்டார். இடத்தை அதற்குமேல் காலியாக வைத்திருக்க நிர்வாகம் ஒப்பவில்லை, வேறொருவரைப் போட்டுவிட்டார்கள், மைதானத்துக்கு மட்டும் எப்போதும்போல வா என்றார். பாண்டி, "சரிங்க டீச்சர், வாரேன்" என்று சொல்லி போனை வைத்தாள்.

சோலை சோற்றில் கை வைத்தவன் வைத்தபடியே இருந்தான்.

"என்னாலதான் போச்சு பாண்டி. நான் ஒரு மடப்பய. சும்மா கெடந்தவள சத்தியம் பண்ண வச்சு, கைக்கு வந்த வேலையக் கெடுத்துட்டேன். நீ எழுதியிருக்கணும். எனக்கு ஒண்ணும் ஆகியிருக்காது."

"ஆகாதுன்னு எனக்கும் தெரியும்."

"பெறகு ஏன்?"

பாண்டி அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"பரீச்சை அடுத்த தடவையும் வரும், எழுதிக்கிருவேன். வேலையும் எங்கயாவது வரும். நீங்க தெனமும் இருட்டோட வண்டிய எடுத்துட்டுப் போறீக. மத்தியானம் நீங்க வார வரைக்கும் என் உசுரு எங்கிட்ட இருக்காது. நூத்துல ஒரு பங்கு, ஆயிரத்துல ஒரு பங்கு சந்தேகம் இருந்தாலும் அதுல என்னால கையெழுத்துப் போட முடியாது மாமா. நீங்க எனக்கு முழுசா வேணும்."

சோலைக்கு அழுகை வந்துவிட்டது. மறைக்க முயன்றான், முடியவில்லை. கல்யாணமாகிப் பதினைந்து வருஷத்தில் அவன் அவளுக்கு முன்னால் அழுதது அதுதான் முதல் தடவை. பாண்டி அவன் முதுகைத் தடவிக்கொண்டே சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"சாப்பிட்டுட்டு அழுங்க. நாலு மணிக்கு என்னைக் கொண்டுபோய் மைதானத்துல விடணும். பிள்ளைக வந்திருக்கும்."