ஒரு நிமிடத் தெரு

கட்சித் தலைவர் மேடையில் வாயைத் திறந்தால் போதும், எங்கள் அக்கா வீட்டுக் கதவுக்கு ஒரு தாழ்ப்பாள் கூடிவிடும். மூன்று வாரத்தில் மூன்று. வெளியூரிலிருந்து குடியேறியவர்களால் அக்காவின் தெருவே கொலைக்களமாகிவிட்டது என்று கூட்டத்துக்குக் கூட்டம் அவர் முழங்கினார். பதினெட்டு வருஷம் குடியிருந்த வீட்டைக் காலி செய்வதாக அக்கா வீட்டுச் சொந்தக்காரரிடம் சொல்லிவிட்டாள். "வெளியூர்லேருந்து வந்த பக்கத்து வீட்டுல பேச்சையே நிறுத்திட்டேன்டா," என்றாள்.

நான் வானொலியில் ஒலிப்பதிவாளன். எங்கே பதிவுக்குப் போனாலும் முடிவில் ஒரு நிமிடம் எல்லோரும் வாயை மூடிக்கொண்டு நிற்போம். அந்த இடத்தின் சத்தத்தை மட்டும் பிடித்து வருவேன். பேச்சை வெட்டி ஒட்டிய இடங்கள் தெரியாமல் பூசி மெழுக அது உதவும். அக்காவின் தெருவுக்குப் பேட்டி எடுக்கப் போனபோதும் ஒரு மொட்டை மாடியில் நின்று பிடித்தேன். பதிவை முழுதாகக் கேட்டுப் பார்க்காமல் எதையும் ஒலிபரப்பக் கூடாது என்பது எங்கள் தொழிலில் பாலபாடம். நான் கேட்டுப் பார்க்கவில்லை. சோம்பேறித்தனம்தான்.

மறுநாள் காலை நேரலைக்குத் தலைவர் வந்தார். பேட்டி எடுத்தவர் எங்கள் செய்தி ஆசிரியை. குரலை உயர்த்தவே தெரியாதவர். ஆனால் அவரிடம் மாட்டினால் தப்புவது கஷ்டம்.

"அந்தத் தெருவுக்குக் கடைசியா எப்ப போனீங்க?"

"அங்க மனுஷன் போக முடியுமாம்மா? பகல்லயே அலறல் சத்தம்தான்."

"போலீஸ்ல ஒரு வருஷத்துக்கு ரெண்டே புகார். ஒண்ணு சைக்கிள் திருட்டு, இன்னொண்ணு நாய் கடிச்சது."

"பயத்துல யாரும் புகார் குடுக்கிறதில்ல."

"சரி, நேத்துப் பகல்ல அந்தத் தெரு எப்படி இருந்துச்சுன்னு கேப்போம். ஒரு நிமிஷம்தான்."

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்த நான், முன்பே சொல்லிவைத்தபடி மொட்டை மாடிப் பதிவை ஓடவிட்டேன்.

சைக்கிள் மணி. குழாயடியில் குடம் நிரம்பும் சத்தம். வாய்ப்பாடு ஒப்பித்த ஒரு குழந்தை ஏழாம் வாய்ப்பாட்டில் திணறியது. பிறகு ஒரு பெண் குரல்: "ஏம்மா, பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டுச்சா? ஆஸ்பத்திரிக்குத் தனியா போகாத, நானும் வர்றேன். உனக்கு இங்க வழி தெரியாது."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அக்கா! சத்தத்தைக் குறைக்கும் பட்டன் என் விரலுக்கடியில் இருந்தது. அவளிடம் அனுமதி கேட்காமல் எடுத்த குரல், குறைத்திருக்க வேண்டும். மனசு வரவில்லை.

"இது எந்தத் தெருவோ," என்றார் தலைவர்.

"வாங்க, இப்பவே போய்ப் பார்ப்போம். எங்க வண்டி வாசல்ல நிக்குது."

தலைவருக்கு வேறு கூட்டம் இருந்ததாம்.

ஐந்தே நிமிடத்தில் அக்காவின் ஃபோன். "என்னைக் கேக்காம என் குரலை ஊருக்கெல்லாம் போட்டியே, அறிவு இருக்காடா?" வாங்கிக் கட்டிக்கொண்டேன். மன்னிப்பும் கேட்டேன்.

"அக்கா, பக்கத்து வீட்டுல பேசுறதில்லன்னு சொன்னியே?"

"காய்ச்சல்ல கெடக்குற பிள்ளைடா. அதெல்லாம் பேச்சுல சேருமா?"

மூக்கை உறிஞ்சினாள். அழுகிறாள் என்று புரிந்தது. என் கண்ணும் கலங்கிவிட்டது.

"அந்தாளு பேச்சைக் கேட்டா உடம்பெல்லாம் நடுங்குது. இன்னைக்கு என் பேச்சைக் கேட்டேன். அதுல பயமே இல்லையேடா."

"அப்ப, வீடு?"

"எங்கடா போறது? சாயங்காலம் அந்தப் பிள்ளையை மறுபடியும் டாக்டர்கிட்ட காட்டணும்."